மலாக்காவில் ஒரு ஹீட்டர்

இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த ஒன்பதாம் மாதத்தில், கூரையில் சுழலும் காத்தாடிக்குக் கீழே படுத்தபடி என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: ஏர்கோன். நான் படித்தவன். அதனால் உடனே வாங்காமல், குறைந்த மின்சாரத்தில் அதிகம் உழைக்கும் யந்திரம் எது என்று இரண்டு வாரம் விளம்பரத் தாள்களை ஆராய்ந்துவிட்டு டவுன் கடைக்குப் போனேன்.

கடை முதலாளியான சீனத் தவுக்கே என் குறிப்புகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த ஒரு பெட்டியைத் தட்டினார். குளிரான கேமரன் மலையில் யாரோ பங்களாவுக்குச் சொல்லிவைத்து, வாங்காமல் விட்டதாம். அறையின் சூட்டை வெளியே தள்ளும்; திருப்பிவிட்டால் வெளிச்சூட்டை இழுத்து உள்ளே கொட்டும். தின்கிற மின்சாரத்தைவிடப் பல மடங்கு சூடு தரும் என்று படித்ததும் மயங்கிவிட்டேன். மலாக்காவில் சூடு எதற்கு என்று கேட்க, கொஞ்சம் குறைவாகப் படித்திருக்க வேண்டும்.

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் என் சகலை வந்து ரிமோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பொத்தானில் பனிப்பூ, இன்னொன்றில் சூரியன்.

"என்னா சகல, ஹீட்டரா? எங்க பாய்லர் பக்கத்துல வந்து நின்னா ஓசியிலயே கிடைக்கும் லா."

மனைவி எதையும் காதில் வாங்கவில்லை. பனிப்பூவை அமுக்கிவிட்டு நான்கு நாள் சுகமாகத் தூங்கினாள். ஐந்தாம் நாள், சொன்ன தேதிக்கு முன்பே, வலி வந்துவிட்டது.

பத்தியம் பார்க்க ரெம்பியா பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மாமியார் வந்தார். பிள்ளை பெற்ற உடம்பில் நாற்பது நாள் குளிர்காற்று படக்கூடாது என்பது அவர் சட்டம். ஏர்கோனை அடைக்கச் சொல்லிவிட்டு, கட்டிலடியில் கரிச்சட்டி வைக்க இடம் பார்த்தார். என்னோடு அவர் நேராகப் பேசுவதில்லை. ஆறு வருடமாக எனக்குச் சொல்ல வேண்டியதைக் கதவிடம்தான் சொல்வார். அன்றும் கதவிடம்தான் கரி கேட்டார்.

அங்கேதான் என் அறிவு குறுக்கே விழுந்தது. புகை பிள்ளைக்கு ஆகாது என்று கதவுக்கு விளக்கிவிட்டு, சூரியனை அமுக்கினேன். பத்து நிமிடத்தில் அறை சகலையின் பாய்லர் ஆனது. மாமியார் காற்றில் கையை நீட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்ல சாமான் மாப்பிள்ளை. புகையும் இல்ல, சாம்பலும் இல்ல."

கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் நேர் வார்த்தை. நெஞ்சு நிமிர்வதற்குள் கட்டிலிலிருந்து மெதுவாக இன்னொன்று வந்தது.

"நான் குளுருக்குத்தானே கேட்டேன்?"

அதற்குப் பிராயச்சித்தமாக ஓர் ஏற்பாடு செய்தோம். தினமும் காலையில் மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்க் குளிக்க வெந்நீர் போடுவார். அந்த நேரத்தில் மனைவி பனிப்பூவை அமுக்குவாள். நான் குசினி வாசலை அடைத்து நின்று, யந்திரத்தின் சிக்கனத்தைப் பற்றி மாமியாருக்கு வகுப்பெடுப்பேன். அவரும் பொறுமையாகக் கேட்பார்.

பத்தாம் நாளோ என்னவோ, நான் பாதிப் பாடத்தில் இருக்கும்போது அவர் அடுப்பை அணைத்தார்.

"தண்ணி கொதிச்சிருச்சு மாப்பிள்ளை. சூட்டுக்கு மாத்தச் சொல்லுங்க, நான் ரூமுக்குள்ள போகணும்."