பனையைத் தாண்டும் வரைக்கும்

என் வீட்டுக்காரர் பெயர் தொம்மை. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் வந்து கேட்டால் கதண்டு தொம்மை என்றுதான் சொல்வார்கள். கதண்டு என்பது விரல் தடிமன் இருக்கும் பெரிய குளவி. பனை உச்சியில், மாடி சன்ஷேடுக்கு அடியில், பானையைக் கவிழ்த்த மாதிரி கூடு கட்டும். பத்து, பதினைந்து சேர்ந்து கொட்டிவிட்டால் ஆள் பிழைப்பது கர்த்தர் சித்தம். அந்தக் கூட்டை எடுத்துக் கொடுப்பதுதான் பதினேழு வருஷமாக இவருக்குத் தொழில்.

அதற்கு முன்னால் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் வேலைக்குப் போன இடத்தில் ஜன்னலுக்கு மேலே கூடு இருந்தது. அந்த வீட்டு அம்மாவுக்குப் பிறந்து இருபது நாள் ஆன பிள்ளை. இவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு அதை எடுத்துப் போட்டார். அன்றிலிருந்து கூடு எடுக்க இவருக்கு ஆள் விட ஆரம்பித்தார்கள்.

தைரியசாலி என்று நினைத்துவிடக் கூடாது. வேலை இருக்கிற நாளில் இவருக்கு மத்தியானச் சோறு இறங்காது. மூன்று தரம் பின்பக்கம் போய் வருவார். இரண்டு பேண்டு, அதன்மேல் ரெயின்கோட்டு, கையுறை, நான் கொசுவலை வைத்துத் தைத்த ஹெல்மெட். கணுக்காலுக்கு டேப் சுற்றி எங்கேயும் இடைவெளி இருக்கிறதா என்று நான்தான் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்தும் போன வருஷம் கோலியனூர் பக்கம் ஒரு மாமரத்தில் வலை கிளையில் மாட்டி விலகிவிட்டது. கழுத்தில் ஒன்றே ஒன்று கொட்டியது. அதற்கு முன்பு எத்தனையோ கொட்டியிருக்கிறது, இரண்டு நாள் வீங்கி வடிந்துவிடும். அன்றைக்குக் கால் மணி நேரத்தில் உதடு தடித்து, மூச்சு விசில் மாதிரி இழுத்து, கண் சொருகிவிட்டது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மறுநாள்தான் என்னை அடையாளம் தெரிந்தது.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “இவரு உடம்பு இனிமே அந்த விஷத்த தாங்காதும்மா. அடுத்த தடவ ஒண்ணு கொட்னாலும் இங்க வந்து சேர்ற வரைக்கும் உசுரு நிக்காது.”

ஐந்து மாதம் தொழிலை விட்டிருந்தார். பிறகு ஒரு ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். முடியாது என்று போனை வைத்துவிட்டார். அவர்களே கழியில் துணி சுற்றி நெருப்பு காட்டி, ஒரு பெரியவர் செத்துப்போனார். சேதி வந்த அன்று ஜெபமாலையைக் கையில் பிடித்தபடி ஒரு மணியும் உருட்டாமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரமே கிளம்பிவிட்டார்.

போகாதீர்கள் என்று என் வாயில் வரவில்லை. கூடவே போக ஆரம்பித்தேன். எக்செல் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கழிகளைப் பிடித்துக்கொள்வேன். மரத்தடியில் நிற்கும்போது போனில் 108 என்று அழுத்தி விரலை வைத்திருப்பேன். “நம்ம ரெண்டு பேர தவுர இது யாருக்கும் தெரியக் கூடாது பவுலினு. தெரிஞ்சா எவனும் கூப்ட மாட்டான், அவனவனே கொளுத்துவான்” என்று சொல்லியிருந்தார்.

இந்த ஐப்பசியில் மயிலத்துக்கு மேற்கே ஒரு ஊரிலிருந்து சக்கரபாணி என்பவர் கூப்பிட்டார். அவர் நிலத்தை ஒட்டிப் போகிற பாதையில் ஒரு பனை, அதன் மட்டைக்கு நடுவே கூடு. மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வெளிச்சத்தில் கூட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்து எல்லாம் உள்ளே அடங்கிய பிறகு துளையை அடைத்து எடுப்பதுதான் முறை. பகலில் தொட்டால், இரை தேடப் போனதெல்லாம் திரும்பி வந்து ஊரையே சுற்றும்.

போன இடத்தில் சாவு. வெள்ளையம்மாள் என்ற எழுபது வயது அம்மா விடியற்காலை இறந்துவிட்டார். சுடுகாட்டுக்கு அந்தப் பனைக்கு அடியில்தான் பாதை. இன்னொரு வழி வயல் வரப்பு. அதில் முழங்கால் வரை சேறு.

“அஞ்சு மணிக்கு எடுக்கறாங்க தொம்ம. பொழுதுக்குள்ள எடுத்தாவணும். இதுல மேளம் ரெண்டு செட்டு, வெடி வேற மூட்டையில வந்து எறங்கியிருக்குது. இப்ப இன்னா பண்ணலாம்?” என்றார் சக்கரபாணி.

இவர் அண்ணாந்து பார்த்தார். கூடு இரண்டு குடம் அளவு. வாயில் பத்திருபது காவல் நின்றன. மேளச் சத்தத்துக்கே அதுகள் இறங்கும். வெடி போட்டால் தப்பிக்க இடமில்லை.

சாவு வீட்டுக்குப் போனோம். இறந்த அம்மாவின் மகன் மணிமாறன், சென்னையில் லாரி ஓட்டுகிறவர், வெற்று மார்போடு நின்றுகொண்டிருந்தார். இவர் கைகூப்பி விஷயத்தைச் சொன்னார்.

“அப்ப ஏறிக் கொளுத்துண்ணே. அதுக்குத்தான வந்திருக்கிற?”

“பகல்ல முடியாதுப்பா. மேளம், வெடி, ஊதுவத்தி எதுவும் இல்லாம பனைய தாண்டிட்டீங்கன்னா போதும். அப்பால வாசிச்சிக்கலாம்.”

“எங்கம்மா இன்னா திருடிட்டா போறா, சத்தம் காட்டாம தூக்கிக்கினு போவறதுக்கு?”

பந்தலில் இருந்த ஒருவர், “கதண்டு புடிக்கிறவருக்கே கதண்டுன்னா பயம் போல” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

இவர் சட்டைக் காலரை இறக்கினார். கழுத்திலிருந்த கறுத்த வடுவைக் காட்டினார். “பயந்தாம்பா” என்றார். “ஒண்ணே ஒண்ணு கொட்டுச்சி, செத்துப் பொழச்சேன். இன்னும் ஒண்ணு கொட்னா நான் இல்ல. டாக்டரு சொல்லிட்டாங்க. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.”

மணிமாறன் கிட்டே வந்து அந்த வடுவைப் பார்த்தார்.

“சத்தம் இல்லாம போனா ஒண்ணும் பண்ணாதுன்னு நிச்சயமா சொல்ற?”

“அதும்பாட்டுக்கு இருக்கும்.”

“அப்ப நீ போயி பனைக்கு அடியில நில்லு. எங்கம்மாவும் கூட வர்றவங்களும் கடைசி ஆள் வரைக்கும் தாண்டற வரைக்கும் நில்லு. நீ நின்னா நான் மேளத்த நிறுத்தறேன்.”

நான் இவர் கையைப் பிடித்தேன். இவர் என்னைப் பார்க்காமல், “நிக்கறேன்” என்றார்.

வண்டியிலிருந்து ரெயின்கோட்டையும் ஹெல்மெட்டையும் எடுத்து வந்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். “நான் இத மாட்டிக்கினு நின்னா பாக்கற ஜனம் பயந்து ஓடும் பவுலினு. ஓடுனாதான் தொரத்தும்.”

அவர் சொன்னது சரிதான். அது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஐந்து மணிக்குப் பாடையைத் தூக்கினார்கள். எல்லார் போனையும் அணைக்கச் சொன்னார்கள், நான் மட்டும் அணைக்கவில்லை. பொரியும் பூவும் இறைக்கவில்லை. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுகிற வழக்கம், நானும் அவர்களோடு நின்றேன். அங்கிருந்து பனை நாற்பது அடிதான் இருக்கும். இறந்த அம்மாவின் மகள் அம்சவள்ளி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு என் தோளைப் பிடித்திருந்தாள். அழக்கூட வழியில்லாமல் போயிற்று அந்தப் பெண்ணுக்கு.

என் வீட்டுக்காரர் வெறும் சட்டையில், வேட்டியில், பனைக்கு அடியில் நின்றார். எண்பது ஆண்கள் இரண்டு இரண்டு பேராக நடந்தார்கள். செருப்பைக் கழற்றியிருந்தார்கள். அத்தனை பேர் போயும் ஈர மண்ணில் கால் பதிகிற சத்தம்தான் கேட்டது. நான் அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தை வராமல் திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். பக்கத்தில் ஒரு அம்மா முருகனைக் கூப்பிட்டு, “மயிலத்தானே, மயிலத்தானே” என்றாள்.

பாடைக்கு முன்னால் மணிமாறன் கொள்ளிச்சட்டியோடு போனார். அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நெருப்புச் சட்டி இல்லாமல் மகன் போவானா? பனைக்குப் பத்தடி முன்பு காற்று திரும்பி, புகை நேராக மேலே ஏறியது.

மேலேயிருந்து உறுமல் கேட்டது. எங்களுக்கே கேட்டது. நாலைந்து கதண்டு இறங்கி வந்து வட்டம் போட்டன. முன்னால் போனவர்களின் தோள்கள் ஒடுங்கின. ஒருவர் கையை ஓங்கினார். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் மெதுவாகக் கீழே காட்டினார், அசையாதே என்று. எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பாடை தோளில் நின்றது.

ஒரு கதண்டு இவர் மார்பில் உட்கார்ந்தது.

என் விரல் போன் மேல் இருந்தது. அழுத்தினேனா இல்லையா என்று தெரியவில்லை. மாதாவே, இந்த ஒருத்தரை எனக்கு விட்டுவிடு என்று கேட்டேன். அங்கே நிற்கிற எண்பது பேரையும் அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். பிறகு அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன்.

மணிமாறன்தான் அசைந்தார். மெல்லக் குனிந்து சட்டியைத் தரையில் வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த ஈரத் துண்டை அவிழ்த்து, சட்டி வாயை மூடினார். புகை நின்றது. மூடிய சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தார். சூடு பட்டிருக்கும், முகத்தில் காட்டவில்லை.

இவர் மார்பில் இருந்தது சட்டைப் பித்தான் வரை நடந்துபோய், திரும்பி, பறந்துவிட்டது.

பாடை நகர்ந்தது. கடைசியாக ஒரு கால் விந்தும் பெரியவர் தாண்ட வெகுநேரம் ஆனது. அவர் தாண்டிய பிறகும் இவர் நின்றுகொண்டிருந்தார். தூரத்தில், ஏரிக்கரை வளைவில், மேளம் ஒருமுறை அடித்தது. அம்சவள்ளி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

பொழுது சாய்ந்தது. கூடு அடங்கியது. இவர் ரெயின்கோட்டை மாட்ட உட்கார்ந்தார். சொன்ன வேலையைச் செய்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. நான் மாட்டிவிடப் போனேன். அதற்குள் சுடுகாட்டிலிருந்து குளித்த ஈரத்தோடு மணிமாறன் வந்துவிட்டார். வயிற்றில் சிவந்து கொப்புளித்திருந்தது. ஜிப்பைக் கீழே இறக்கி, ரெயின்கோட்டை இவர் தோளிலிருந்து கழற்றினார்.

“இன்னிக்கி இந்த ஊர்லேர்ந்து எங்கம்மா ஒருத்தி போனா போதும்ணே. நீ ஏறாத.”

“அப்ப கூட்ட யாரு எடுக்கறது?”

“ஃபயர் சர்வீசுக்கு நான் போன் பண்ணிக்கினு வர்றேன். அவங்க வர்ற வரைக்கும் பாதைய மறிச்சி கயிறு கட்டறோம். நீ எங்கருந்து, எப்டி எடுக்கணும்னு மட்டும் அவங்களுக்கு தூரத்துல நின்னு சொல்லு.”

சக்கரபாணியும் தலையாட்டினார். இவர் மறுத்துப் பேசுவார் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டிக் கையுறையையும் கழற்றக் கொடுத்தார்.

ஃபயர் சர்வீஸ் வந்து, இவர் கயிற்றுக்கு இப்பால் நின்று சொல்லச் சொல்லக் கூட்டை எடுத்த பிறகுதான் கிளம்பினோம். அப்போதும் வண்டியை ஓட்ட இவர் கையில் பிடிமானம் இல்லை, எனக்கோ ஓட்டத் தெரியாது. மெயின் ரோட்டில் இருக்கிற கூட்டேரிப்பட்டு வரைக்கும் இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பாதி வழியில் இவர் நின்று, “பவுலினு, பசிக்குது” என்றார்.