ஒரு சீட்டுக்கு ஒரு வரி

நட்சத்திரம் என்றுதான் அந்தப் படத்துக்குப் பெயர். நடுவில் ஒரு பெரிய பட்டியல், அதைச் சுற்றி நாலு சின்னப் பட்டியல்கள்: நாள், ஊர், தரம், விவசாயி. கம்பெனிக் கணக்கையெல்லாம் ஒரே கிட்டங்கியில் அடுக்கிவைக்கும் டேட்டா வேர்ஹவுஸ் பற்றி ஒரு கணினிப் பத்திரிகையில் படித்த வாரத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. உதியன்குளங்கரையில் ரப்பர் ஷீட் வாங்கும் கம்பெனி ஒன்றின் மாடியில், கீழே குவித்திருந்த ஒட்டுப்பாலின், மரத்திலேயே உறைந்துபோன ரப்பர் பாலின், நாற்றத்தை நாலு பேராகப் பங்குபோட்டு முகர்ந்தபடி, கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தோம். முதலாளி சொல்லிவிட்டார்: மற்ற மூன்று பேரும் சம்மதித்தால் அந்த வேர்ஹவுஸை நீயே செய், ஒருத்தர் முறைத்தாலும் திருவனந்தபுரத்துக்காரர்களிடம் கொடுத்துவிடுவேன்.

எனக்கு அது வேண்டும். என் கவிதைகளை என் வீட்டிலேயே யாரும் படிப்பதில்லை. இதிலோ, குன்னத்துகால் டிப்போவுக்கு ஒரு மழைநாளில் யாரோ நனைந்துகொண்டு கொண்டுவந்த நாலு ஷீட்டுக்கும் ஒரு வரி உண்டு. எடை போட்டு எழுதிக் கொடுத்த ஒவ்வொரு சீட்டுக்கும் நடுப் பட்டியலில் ஒரு வரி. அழியாத வரி.

ஆனால் திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. டிப்போக்களிலிருந்து மாலை பஸ்ஸில் வரும் பிளாப்பிகளை ஏற்றிப் பழைய கூட்டல்களையெல்லாம் திரும்பப் போட்டுக் காலை எட்டுக்குள் மெஷின் ஓய வேண்டும். ரகசியமாக இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். காலை பத்துக்கும் மென்றுகொண்டிருந்தது. மற்ற மூவருக்கும் காட்ட எழுதிய புரொஜெக்டர் தாள்களில் ஏழாவதின் அடியில், எறும்பு எழுத்தில், ‘நேரம்: திருப்திகரம்’ என்று எழுதிவைத்தேன்.

புரொஜெக்டர் பக்கத்துக் கிறிஸ்தவச் சபையில் இரவல் வாங்கியது. போட்டதும் சுவரில் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒன்று விழுந்தது. கண்ணாடிமேல் அவர்கள் விட்டுப்போன தாள். ஹார்ட்வேர் பார்க்கும் அண்ணாச்சி பழக்கதோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார்.

பாட்டை எடுத்துவிட்டு நட்சத்திரத்தைப் போட்டேன். எல்லாம் ஒழுங்காகப் போனது, ஊர்ப் பட்டியல் வரும்வரை. நடுரோட்டில் மாநில எல்லை ஓடும் பனச்சமூட்டு டிப்போவுக்கு நேராக, மாநிலம் என்ற இடத்தில், கேரளம் என்று எழுதியிருந்தேன்.

புரோகிராம் எழுதுகிறவன் தமிழ்நாட்டுப் பக்கத்து விளவங்கோட்டுக்காரன். துள்ளினான்.

“எலே, பனச்சமூடு எப்பளே கேரளமாச்சு? நம்ம தராசு இருக்கது தமிழ்நாட்டுலயாக்கும்.”

“எந்தரடே நீ பேசுத?” என்றார் கேரளத்துக்காரரான அண்ணாச்சி. “புகைப்புரை ரோட்டுக்கு இந்தப் பக்கமாக்கும். ஷீட்டு காயுதது எங்க மண்ணுல.”

“தராசுல தூக்குததுக்குப் பொறவுதானே காயுது?”

“காயாத்த ஷீட்ட நீ வச்சு நக்குவியா?”

நான் உள்ளுக்குள் குதித்தேன். இப்படியே போனால் ஏழாவது தாளுக்கு யாரும் வர மாட்டார்கள். “ரெண்டு பேரு சொல்லுததுலயும் ஞாயம் உண்டு,” என்று அவ்வப்போது எண்ணெய் ஊற்றினேன். நாற்பது நிமிடம் எரிந்தது. கடைசியில் ‘இரண்டும்’ என்று மூன்றாவதாக ஒரு மாநிலத்தை உண்டாக்கினோம். டெல்லியைக் கேட்கவில்லை. இருவரும் களைத்துப்போய், மிச்சத் தாள்களைப் பார்க்காமலே சம்மதம் என்றார்கள்.

பேருக்கு மிச்சத் தாள்களையும் சரசரவென்று வைத்து எடுத்துவிட்டுப் புரொஜெக்டரை அணைக்கப் போனேன்.

“தம்பி, அந்த ஏழாவது தாள இன்னொருக்க போடு.”

அக்கா. எங்களில் நாலாவது ஆள், மெஷினை இயக்குகிறவர். தினமும் எட்டு மணிக்கு வந்து லாரிகளுக்கு லோடு பட்டியல் எடுத்துக் கொடுப்பவர்.

“அதுல ஒண்ணும் இல்லக்கா.”

“ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு மக்கா இத்தனூண்டு எழுத்து? திருப்திகரம்னா எத்தன மணி?”

பொய் சொல்ல வாயெடுத்தேன். “பத்து,” என்று வந்தது.

“போன வாரம் ரெண்டு நாளு காலத்த வந்தப்பம் மெஷினு கொதிச்சுக் கெடந்துது. பேய் புடிச்சுன்னா நெனச்சேன்? நீதான்னு தெரியும். எட்டு மணிக்கு லாரிக்காரன் வந்து நிப்பான். அவன்ட்ட பத்து வரைக்கும் யாரு பேச? நீ கவிதை சொல்லுவியா?”

விளவங்கோட்டுக்காரன் வெட்கமில்லாமல் சிரித்தான்.

“என்ன செய்யணும்ங்கிய?”

“சீட்டுக்கு ஒரு வரி வேண்டாம். ஒரு டிப்போவுக்கு, ஒரு நாளைக்கு, ஒரு தரத்துக்கு ஒரு வரி. எட்டுக்குள்ள தீரும். அப்பம் நான் சம்மதம்.”

“அப்பம் விவசாயி?”

“அவரு பிளாப்பியில கெடப்பாரு. எங்கயும் போவ மாட்டாரு.”

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதுதான் எரிச்சல். மழையில் நனைந்து வந்தவரும் அவருடைய நாலு ஷீட்டும் அன்றைய மொத்தத்துக்குள் கரைந்துபோவார்கள். எனக்கு வேலை கிடைத்துவிடும். அரை நிமிடம் வீராப்பாக நின்றேன். பிறகு நட்சத்திரத் தாளை மறுபடி வைத்து, விரலில் எச்சில் தொட்டு, விவசாயி என்ற கட்டத்தைத் தேய்த்தேன். மை சுலபமாகப் போகவில்லை. இரண்டு மூன்று தடவை துப்ப வேண்டியிருந்தது. சுவரில் என் விரல் பனைமரத் தடிமனுக்கு அங்குமிங்கும் போய்வந்தது.

“இப்பம் மூணு கையோட பாக்க ஃபேன் மாதிரி இருக்கு,” என்றார் அண்ணாச்சி.

“சுத்தட்டும்,” என்று அக்கா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார். “எட்டு மணிக்கு நின்னாப் போரும்.”