வெள்ளை அடிச் சப்பாத்து

ஜேர்மனியின் எசன் நகரில் கலைவிழாவுக்கு நாங்கள் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஒரு விதி இருந்தது. மேடையின் மரத்தளத்தில் தெருச் சப்பாத்தோடு ஏறக் கூடாது. தோல் சப்பாத்து அறவே கூடாது. கறை விடாத வெள்ளை அடியுள்ள விளையாட்டுச் சப்பாத்து மட்டும் போடலாம். ஒப்பந்தத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளராகக் கையெழுத்திட்டவள் நான். வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். எனக்கு அது இல்லை. சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளராக நீதிமன்றங்களில் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். ஆகவே அடித்துச் சொல்கிறேன்: அந்த மேடையில் சப்பாத்தோடு ஏற விதிப்படி தகுதி இருந்தவர்கள் இரண்டு பெண் பிள்ளைகள்தான். அவர்களைத்தான் ஏறவிடவில்லை.

ஒருத்தி என் மகள். மற்றவள் எங்கள் மேல்வீட்டுப் பிள்ளை. பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது எசனில். இரண்டாயிரத்தின் முதல் சில வருடங்கள் அவை. இருவருக்கும் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் என்றால் உயிர். மகளின் அறைச் சுவரில் வெள்ளை தெரியாத அளவுக்குச் சஞ்சிகைப் படங்கள். இரண்டு பேர் புகக்கூடிய காற்சட்டை, கை வளையல் அளவில் காதுத் தோடு. எல்லாவற்றுக்கும் மேலாகச் சப்பாத்து: தடித்த வெள்ளைச் சப்பாத்து, அகன்ற நாடா, அதைக் கட்டவும் கூடாது. முன்பக்கத்தில் மடிப்பு விழுந்துவிடும் என்று படியில் தாரா வாத்தைப் போல நடந்து இறங்குவாள். வேட்டிக்கு மடிப்பு வேண்டும், சப்பாத்துக்கு மடிப்பு கூடாது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. ஒழுங்கு என்றால் எனக்கு எந்த ஒழுங்கும் சம்மதம். பழைய பற்தூரிகையால் இருவரும் சமையலறையில் இருந்து அந்த அடிகளைத் தேய்க்கும் பக்குவத்தை எந்தப் பூசைப் பாத்திரத்திலும் நான் கண்டதில்லை. ஒரு ஆயுத பூசைக்குப் புத்தகங்களோடு அந்தச் சப்பாத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

"உதென்ன?" என்றேன்.

"ஆயுதம் தானே அம்மா வைக்கிறது. என்ரை ஆயுதம் இதுதான்."

புதியது, மண்ணில் படாதது. வைக்கட்டும் என்று விட்டேன்.

மேல்வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் படிக்க ஒரு வழி இருந்தது. என் மேசையில் இருக்கும் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு, "பிட்டு எண்டா? சம்பல் எண்டா?" என்று கேட்பாள். நான் ஜேர்மனில் சொல்வேன். அடுத்த முறை மறக்க மாட்டாள். "எண்டா?" தான் அவளுடைய திறப்பு, அதைக் கொண்டு கதவு திறந்து எங்கள் வீட்டுக்குள் வந்தவள்.

அந்த வருடக் கலைவிழாவில் இருவரும் ஆட விரும்பினார்கள். ஆட்டத்தைக் கட்டியது முழுக்க மேல்வீட்டுப் பிள்ளை. வீடியோவை நிறுத்தி நிறுத்தி, தன்னுடைய அசைவுகளையும் சேர்த்து, என் மகளின் தோளைப் பிடித்துத் திருத்தி, மாதக்கணக்கில் நிலவறையில் பழக்கினாள். கடைசியில் குதித்துத் திரும்பி ஒரே நேரத்தில் இரண்டு குதிக்கால்களையும் தட்டும் ஒரு அடவு இருந்தது. அது தொலைக்காட்சியில் இல்லாதது, அவளே கண்டுபிடித்தது. நிகழ்ச்சி நிரலில் நான் பெயர் பதிந்தேன். செயற்குழு கூடி ஏற்றுக்கொண்டது.

ஒத்திகை நாளில் சங்கத் தலைவர் வந்தார். என்னைவிடச் சில வயது இளையவர். பொடியன்கள் சுற்றி நின்று பார்க்கக் கீழே ஒரு தரம் ஆடி முடித்து, மேடையோரம் இருந்து நாடாவைத் திரும்பக் கோத்துக்கொண்டிருந்த இருவரையும் பார்த்தார். பிறகு என்னை ஒரு பக்கமாக அழைத்தார்.

"அக்கா, மங்கள விளக்கு எரியிற மேடை. சப்பாத்தோடை ஏறேலாது."

"போன வருச விழா மலரை எடுத்துப் பாருங்கோ தம்பி. விளக்குக்குப் பக்கத்திலை நிண்டு வரவேற்புரை வாசிக்கிறியள். கீழை காலையும் பாருங்கோ."

அவர் காலில் அன்றும் அதே கறுப்புத் தோல் சப்பாத்து, முகம் பார்க்கலாம். மண்டப விதியைச் சொன்னேன். விதிப்படி இறங்க வேண்டியவர் அவர்தான் என்றும் சொன்னேன்.

"எல்லாத்துக்கும் ஒரு சட்டம் வைச்சிருப்பியள்," என்று சிரித்தார் அவரோடு வந்திருந்த பொருளாளர்.

"சட்டம் வைச்சது நானில்லை. வாசிச்சது மட்டும் நான்," என்றேன்.

"சரி, விளக்கை மேடைக்குக் கீழை வைப்பம்," என்று தொடர்ந்தேன். "பிறகு என்ன குறை?"

அப்போதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. தலைவர் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. அந்தப் பிள்ளைக்கு விளங்காது என்ற துணிவு.

"அக்கா, குறை நினையாதேங்கோ. சப்பாத்து ஒரு சாட்டு. எங்கடை மேடையிலை ஒரு காப்பிலிப் பெட்டை ஏறிக் குலுக்கினா சனம் என்ன கதைக்கும்? உங்கடை பிள்ளை தனிய ஆடட்டும்."

இதே மனிதர் ஒரு காலத்தில் என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதவர். அவர் கேக் வாங்கிய வெதுப்பகத்தில் வேலை செய்த பெண் மிச்சக் காசை அவர் கையில் வைக்காமல் மேசையில் எறிந்து, அவருடைய நிறத்தைச் சொல்லி ஏதோ முணுமுணுத்தாளாம். "நாங்களும் மனிசர் தானே அக்கா," என்றார். முறைப்பாட்டை நான்தான் எழுதிக் கொடுத்தேன். நல்ல ஜேர்மன், கல்லும் கரையும். வெதுப்பகம் மன்னிப்புக் கேட்டது. அவர் அந்த மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டார், வேறொன்றையும் கற்கவில்லை.

நாடாவைக் கோத்து முடித்த மேல்வீட்டுப் பிள்ளை நிமிர்ந்தாள். தெரியாத சொல்லைக் கேட்டால் அவள் விடமாட்டாள்.

"அன்ரி, காப்பிலி எண்டா?"

மகள், "அம்மா, வேண்டாம்," என்றாள். தலைவர் அவசரமாக, "கூட்டாளி எண்டு சொல்லுங்கோ அக்கா," என்றார்.

மொழிபெயர்ப்பாளர் சத்தியம் செய்வது இதற்குத்தான்: சேர்க்கக் கூடாது, விடக் கூடாது. நான் ஜேர்மனில் சொன்னேன். அரபிக்காரரிடமிருந்து போர்த்துக்கேயர் எடுத்து, எங்களிடம் விட்டுச் சென்ற சொல் என்றேன். கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்ல எங்கள் ஆட்கள் அதைப் பாவிக்கிறார்கள் என்றும் சொன்னேன். சொன்னவர் யார், முழு வசனம் என்ன, அதையும் விடவில்லை. "கூட்டாளி என்று உனக்குச் சொல்லும்படி இப்போது கேட்கிறார்," என்பதையும் சேர்த்தே சொன்னேன். அதுவும் பேசப்பட்டதுதானே.

அவள் கோத்த நாடாவைத் தளர்த்தினாள். சப்பாத்துகளைத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். மடிப்பு விழாமல், எப்போதும் போல. ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ட்ராம் எடுக்கப் போனாள். மகள் பின்னால் ஓடினாள். அவளும் ஆடவில்லை.

"பாத்தியளே, நீங்கள் சொல்லித்தான் இவ்வளவும்," என்றார் தலைவர்.

அன்றே விலகல் கடிதம் கொடுத்தேன். ஆனால் சங்க யாப்பின் விதிப்படி அடுத்த பொதுக்கூட்டம் வரை பொறுப்பு என்னுடையது. பொதுக்கூட்டமோ அடுத்த வருடக் கலைவிழாவுக்குப் பிறகு. அதனால் அந்த விழாவுக்கும் மண்டபத் திறப்பு என் கையில் இருந்தது, நானும் வாசலோரம் இருக்க வேண்டி வந்தது.

"நவீன நடனம்" என்று அறிவித்தார்கள். எங்கள் பொடியன்கள் மேடைக்கு வந்தார்கள். அகலக் காற்சட்டை, திருப்பிப் போட்ட தொப்பி, தடித்த வெள்ளைச் சப்பாத்து. நடுவில் நின்றவன் தலைவரின் மகன். விளக்கு மேடையிலேயே எரிந்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் குறை இல்லை. கடைசியில் குதித்துத் திரும்பி இரண்டு குதிக்கால்களையும் தட்டினார்கள். ஒத்திகையில் பார்த்து எடுத்திருக்கிறார்கள். சனம் விசிலடித்தது. ஆட்டம் வேண்டுமாம், உடுப்பு வேண்டுமாம், சப்பாத்து வேண்டுமாம். ஆடிக் காட்டியவள் மட்டும் வேண்டாமாம்.

மகனைத் தட்டிக்கொடுக்கத் தலைவர் மேடைக்கு ஓடினார், தோல் சப்பாத்தோடு. தளத்தில் கறுப்பாக ஒரு நீளக் கோடு. இறங்கி வந்து, "பாத்தியளே அக்கா, எங்கடை பிள்ளையள்!" என்றார்.

"கோட்டைப் பாத்தனான்," என்றேன்.

தளத்துக்குச் சேதம் வந்தால் உடனே அறிவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அறிவித்தேன், சப்பாத்தின் விபரம் உட்பட. அதற்கடுத்த வருடம் தலைவர் காலுறையோடு நின்று வரவேற்புரை வாசித்தார் என்று கேள்விப்பட்டேன். கேட்டுச் சிரித்தேன். ஆத்திரம் போகவில்லை.

மேல்வீட்டுப் பிள்ளை அதற்குப் பிறகும் வந்தாள். என்னோடு கோபமில்லை. மகளும் அவளும் பழையபடி சமையலறையில் இருந்து சப்பாத்துத் தேய்த்தார்கள். ஒரு நாள் அவள் முன்பு கண்டிராத கொழுக்கட்டையை அவித்து மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றை எடுத்தாள், பார்த்தாள், கடித்தாள். "நல்லா இருக்கு," என்று ஜேர்மனில் சொன்னாள். எண்டா என்று கேட்கவில்லை.