சீமைக் கிடாயும் அத்தையின் கறுப்பியும்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு கிடாய் வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்து ஆடுகளெல்லாம் குட்டையான கறுப்பு ஆடுகள். பெரிய இனத்தோடு கலந்தால் கறியும் பாலும் கூடும் என்று துரை எங்கிருந்தோ வரவழைத்த சீமைக் கிடாய் அது. காதுகள் தாடைக்குக் கீழே தொங்கின. பனி இறங்கினால் அதற்குச் சாக்குப் போர்த்திவிட ஓர் ஆளும் உண்டு. எங்கள் வீட்டில் எனக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

தொங்கு காதுக் குட்டிகளுக்காக லயமே காத்திருந்தது. எந்த ஆடும் சினை பிடிக்கவில்லை. கிடாய் தின்று கொழுத்ததுதான் மிச்சம். அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சீமைக் கிடாயில என்ன கொற இருக்கும்? நம்ம ஆடுங்கதான் மலடாப் போச்சு. தீபாவளிக்கு வெட்டிரலாம்."

வெட்ட இருந்தவற்றில் அத்தையின் கறுப்பியும் ஒன்று. அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி ரிங்லெட் என்ற பக்கத்து ஊருக்குப் போனவளை, பிள்ளை இல்லை என்று மாமியார் திருப்பி அனுப்பியிருந்தார். மாமாவுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்வார்கள். எங்களோடு இருந்த அத்தை அதிகம் பேசமாட்டாள். அன்றைக்குப் பேசினாள்.

"வெட்டாதண்ணே. ஆட்டு மேல பழி சொல்றதுக்கு முன்ன, கிடாய மாத்திப் பாரு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அம்மா அடுப்பை ஊதத் தொடங்கினாள், நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பை.

கறுப்பி பருவம் வந்து கிடாய்க்குக் கத்திய ஒரு காலையில், திரிங்காப்பு ஊருக்குக் காலியாகத் திரும்பும் காய்கறி லோரியில் அத்தை அதை ஏற்றினாள். நானும் தொற்றிக்கொண்டேன். அங்கே ஒரு காய்கறித் தோட்டக்காரர் வீட்டில் நாட்டுக் கிடாய் இருந்தது. ஒற்றைக் கொம்பு, சாக்குப் போர்த்த ஆளில்லாத பிறவி. வழியெல்லாம் அத்தை கறுப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டே வந்தாள். முட்டைக்கோஸ் வாசமும் குளிர்காற்றுமாக இருந்த அந்தப் பயணத்தைப்போல் சுகமான ஒன்று எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

தீபாவளிக்குள் கறுப்பி வயிறு பெருத்து, கத்திக்குத் தப்பியது. பிறகு இரட்டைக் குட்டி போட்டது. இரண்டுக்கும் சின்னக் காதுகள் விறைத்து நின்றன. அப்பன் யார் என்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. அக்கம்பக்கத்தார் தங்கள் ஆடுகளையும் லோரியில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா தம் தாயாரோடு வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. ஏதோ முடிவு சொல்ல வந்திருக்கிறார் என்பது எனக்கே தெரிந்தது. பாவம், சந்தோஷப்படட்டும் என்று ஒரு குட்டியைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தேன்.

"மாமா, கறுப்பி மலடு இல்லயாம். கொறயெல்லாம் அந்தப் பெரிய கிடாய்லதானாம். அத்த அப்பவே சொன்னுச்சு."

மாமா தேநீரைக் கீழே வைத்துவிட்டார். அவர் தாயார், "போலாம்லா" என்று எழுந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே இருவரும் போய்விட்டார்கள். தேநீரில் சீனி பத்தவில்லை போலும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மாமா தனியாக வந்தார். அத்தையைக் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்கு டாக்டரைப் பார்க்கப் போவதாக அப்பாவிடம் தலையைக் குனிந்தபடி சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தைக்கு என்ன வியாதி என்று அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

அத்தை என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லடி."

ஒன்றும் இல்லாதவளை எதற்கு அவ்வளவு தூரம் டாக்டரிடம் கூட்டிப்போகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.