சத்தம் வராத ஐந்து வெள்ளிக்கிழமைகள்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கணினி, வரும்போதே களைத்துப் போய்த்தான் வந்தது. புளியந்தீவில் ஒரு தொண்டு நிறுவனம் அலுவலகத்தை மூடிக்கொண்டு போனபோது எவரும் எடுக்காமல் மிஞ்சிய சாமான் அது. புதிய விண்டோஸ் போட்டால் தாங்காது என்று யாரோ அதில் லினக்ஸ் போட்டு வைத்திருந்தார்கள். அப்பா அதைப் போர்வையில் சுற்றி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, தேற்றாத்தீவு வரை கொண்டு வந்து சேர்த்தார். வழியில் எந்தப் பள்ளத்தில் எது கழன்றதோ தெரியாது. படம் தெரிந்தது, எழுத்துத் தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. எங்களுக்கு வேண்டியிருந்ததோ சத்தம் மட்டுந்தான்.

அம்மா அப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். எனக்கு ஆறு வயதில் போனவர்; கணினி வந்தபோது எனக்குப் பத்து. அந்த வீட்டுக்காரி அம்மாவைக் கைபேசி வைத்திருக்க விடமாட்டாள். அவளுடைய மகள் கொஞ்சம் இரக்கமுள்ளவள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தன் கணினியில் எங்களுக்கு அழைப்பெடுத்து, அம்மாவின் தலையில் ஹெட்செட்டை மாட்டிவிட்டு, ஒரு மணி நேரம் படுக்கப் போய்விடுவாள். அம்மாவுக்குத் தட்டச்சுச் செய்யத் தெரியாது. பேசலாம், கேட்கலாம், அவ்வளவுதான். எங்களுக்கு அது பின்னேரம் நான்கு மணி. இந்த ஏற்பாட்டை அம்மா கடிதத்தில் எழுதியிருந்தார். அதே கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. ஒப்பந்தம் முடியப் போகிறது, திரும்பி வருவதா, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா என்பதை எங்களோடு கதைத்துத்தான் முடிவெடுப்பாராம்.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. "வாங்கம்மா" என்று சொல்ல வேண்டும். ஆனால் அம்மாவின் குரலைக் கேட்ட பிறகுதான் சொல்வது என்று அதைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

முதல் வெள்ளிக்கிழமை சரியாக நான்கு மணிக்குத் திரையில் பச்சைப் பொத்தான் வந்தது. அப்பா அழுத்தினார். நேரம் ஒன்று, இரண்டு என்று ஓடத் தொடங்கியது. "ஹலோ! கேக்குதா?" என்று அப்பா கத்தினார். எங்களோடு இருந்து எங்களைப் பார்த்துக்கொண்ட மாமி, அப்பாவின் அக்கா, அதைவிடப் பெரிதாகக் கத்தினார். பக்கத்து வீட்டு நாய்தான் பதில் சொன்னது.

அடுத்த நாள் அப்பா பெட்டியை மறுபடியும் கட்டிக்கொண்டு டவுணுக்குப் போனார். கம்ப்யூட்டர் கடை அண்ணன் திறந்து பார்த்து, போர்டில் ஸ்பீக்கர் வயர் செருகும் துளை செத்துவிட்டது என்று சொல்லி, தனியாக இன்னொரு சவுண்ட் கார்டைப் பொருத்தி ஸ்பீக்கரை அதில் செருகிவிட்டார். அதோடு தொல்லை இரட்டிப்பானது. இப்போது கணினிக்குள் இரண்டு கார்டுகள், இரண்டையும் இயக்க டிரைவர் என்ற மென்பொருளும் இரண்டு. பழையது முந்திக்கொண்டு எழும்பி, சத்தத்தையெல்லாம் தன் செத்த துளைக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அண்ணன் பிஸ்கட் பெட்டி மட்டையின் பின்பக்கத்தில் கட்டளைகளை எழுதிக் கொடுத்திருந்தார். அப்பாவின் ஆங்கிலம் உதிரிப்பாகங்களின் பெயரோடு முடிந்துவிடும். அதனால் ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக் கறுப்புத் திரையில் அடிப்பது என் வேலையாயிற்று.

அப்பா கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வட்டைகளில், அந்த வயல்வெளிகளுக்குத் தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்துகிறவர். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. நிற்கிற மெசினில் பிழை பிடிக்க முடியாது, ஓட விட்டுத்தான் பிடிக்க வேண்டும். கணினிக்கும் அதே வைத்தியந்தான். வெள்ளிக்கிழமைகளில் அழைப்பை வெட்டவே மாட்டார்.

"வெட்டாத புள்ள, ஓடட்டும். ஓடக்குள்ளதான் பிழை தெரியும்" என்பார்.

அழைப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் திருத்துவோம். அதன் முன்னாலேயே தேநீர் குடிப்போம், சண்டை பிடிப்போம். கணினியோடு வந்த மைக்கைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. வராத சத்தம் போகவும் மாட்டாது என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம்.

மட்டையில் இருந்த ஒரு கட்டளை ஸ்பீக்கரைச் சோதிப்பது. அதை அடித்தால் ஒரு வெள்ளைக்காரி ஆங்கிலத்தில் இடது, வலது என்று சொல்வாள். நாங்கள் கார்டின் இலக்கத்தையும் சேர்த்துக் கொடுப்பதால் அவள் ஒழுங்காகப் பேசிவிடுவாள். அழைப்புக்குத் திரும்பினால் பழையபடி மௌனம். நான்கு வருடமாகக் காத்திருந்த வீட்டில் முன்பின் தெரியாத ஒருத்தியின் குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. எனக்கு அவள்மேல் சொல்ல முடியாத கோபம்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை, பேன் தொல்லையால் மாமி என் முடியைக் கட்டையாக வெட்டியதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். முடியை வளர்க்கச் சொல்லிவிட்டுப் போனவர் அம்மா. "கொம்மாக்கிட்ட மட்டும் சொல்லிப்போடாத, மறுகா என்னத்தான் ஏசுவா" என்று மாமி கணினிக்கு முன்னால் நின்றுகொண்டே என்னிடம் கெஞ்சினார்.

ஐந்தாம் வெள்ளிக்கிழமை அப்பா வட்டையிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தார். மட்டையில் இருந்த கட்டளைகள் எல்லாவற்றையும் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அடித்துப் பார்த்தோம். திரையில் நாற்பது நிமிடம் ஓடியிருந்தது. அப்பா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. எப்படியாவது அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது.

"விடுங்கப்பா. அம்மா இல்லாம எங்களுக்குப் பழகிட்டுத்தானே" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "ஓம் புள்ள, பழகித்தான் போச்சு" என்றார்.

அன்று ஒரு மணி நேரம் முடியுமுன்பே அம்மாவின் பக்கத்திலிருந்து அழைப்பு வெட்டுப்பட்டது. இணைய வேகம் போதவில்லை என்றார் அப்பா.

அதற்கடுத்த நாள் கடை அண்ணன் எங்கள்மேல் இரக்கப்பட்டு நேரிலேயே வந்தார். ஒரு கோப்பில் பழைய கார்டின் டிரைவர் பெயரை எழுதி, அது இனி எழும்பவே கூடாதென்று தடை போட்டார். பிறகு குனிந்து, பழைய கார்டில் செருகியிருந்த மைக் வயரையும் பிடுங்கிப் புதியதில் செருகினார். ஐந்து நிமிட வேலை.

ஆறாம் வெள்ளிக்கிழமை அம்மாவின் குரல் வந்தது. மாமி அழுதுவிட்டார். நான் வைத்திருந்த சொல்லை எடுப்பதற்கு முன்பே அம்மா முந்திக்கொண்டார்.

"முடிய வெட்டினத்துக்கு நான் ஏசமாட்டன் புள்ள, அது வளரும்தானே. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டன். உங்களுக்குத்தான் பழகிட்டே."

குரல் சிரித்தபடிதான் இருந்தது. மாமிதான் கடிதம் போட்டிருப்பார் என்று அப்பா மாமியைப் பார்த்தார். மாமி அப்பாவைப் பார்த்தார். நானோ, தாய்மாருக்குச் சொல்லாமலே எல்லாம் தெரியும் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். "வாங்கம்மா" என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு சொல்லி என்ன பயன்?

அந்த இரண்டு வருடம் நான்காகித்தான் அம்மா திரும்பி வந்தார்.

இப்போது நான் டவுணில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இணையவழிக் கூட்டங்களில் சத்தம் வராவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் கொழும்பிலிருந்து இணைந்த ஓர் அதிகாரிக்கு நாங்கள் பேசுவது கேட்கவில்லை. அவருடைய பேச்சு மட்டும் எங்களுக்குத் துல்லியமாக வந்தது. அது தெரியாமல் அவர் பக்கத்தில் இருந்தவரிடம் எங்கள் அறிக்கையைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் அண்ணன் அன்று பிடுங்கிய அந்த மைக் வயர் ஞாபகத்துக்கு வந்தது. பழைய கார்டில் செத்திருந்தது ஸ்பீக்கர் துளை மட்டுந்தான். ஐந்து வெள்ளிக்கிழமையும் அப்பா "கேக்குதா, கேக்குதா" என்று கத்த, அங்கே அம்மா "ஓம், கேக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அம்மா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்க எனக்கும் துணிவில்லை. ஊருக்கு வந்த புதிதில் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. அப்பாவும் நானும் அறைக்குள் பேசிக்கொண்டிருந்தால் நேரே உள்ளே வரமாட்டார். வாசலில் நின்று இருமுவார், வளையலை ஆட்டுவார், நாங்கள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்த பிறகுதான் காலை உள்ளே வைப்பார். குவைத் வீட்டில் பழகிய பழக்கம் என்று சொல்லி நானும் மாமியும் அவரைச் சீண்டுவோம். அம்மாவும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார்.