இரவல் அட்டையும் வெள்ளை அணுக்களும்

அரச அலுவலகத்தில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றபின், தொண்ணூறுகளில் மகளோடு இருக்க இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தேன். நடைமுறைகளை மறக்கவில்லை.

மருமகன் மொண்டெல்லோவில் சிஞ்ஞோரா என்று கூப்பிடும் இத்தாலிய எசமானி ஒருவரின் கடற்கரை வீட்டைக் கோடைக்காகக் கூட்டித் துடைத்தார். குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கிய எலிகளுக்கு வதிவிட அனுமதிப் பத்திரம் தேவைப்படவில்லை. மருமகனுக்கு அந்தப் பெர்மெஸ்ஸோ இன்னும் கிடைத்திருக்கவில்லை. ஆகவே சுகாதார அட்டையும் இல்லை. கடும் காய்ச்சல் வந்து சிறுநீர் குறைந்ததும், அவருடைய தம்பியின் அட்டையோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். படம் ஒட்டாத அட்டை. எங்கள் ஆட்களிடையே அது குடை மாதிரி, தேவைப்பட்டவர் கொண்டுபோவார்.

எலி எச்சத் தூசியில் வரும் ஹண்டா வைரஸ் என்றார் வைத்தியர் அம்மா. வெள்ளை அணுக்களில் ஒரு வகை உருமாறிப் பெருகி, வைரஸைத் தேடிப்போன இடத்தில் சிறுநீரகத்தையும் சேதப்படுத்துமாம். விசாரணைக்குப் போய் வீட்டையே இடித்துவிட்டு வரும் அதிகாரிகளை நான் அறிவேன்.

காய்ச்சல் விட்டு வீடு வந்தபின் ஒரு கடிதம் வந்தது. சிறுநீரகம் தப்பியதா என்று மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். படமுள்ள அடையாள அட்டையோடு வரவும்.

"ஆர் மாமா போறது?" என்று தம்பி கேட்டார்.

"கடிதம் ஆற்றை பேருக்கு?"

"என்ரை பேருக்கு. ஆனா வருத்தம் அண்ணைக்கெல்லே?"

"அழைப்பு ஆருக்கோ, அவர்தான் சமூகமளிக்க வேணும்."

போனார். கையை நீட்டினார். துள்ளிக்கொண்டு திரும்பினார்.

"அணுவெல்லாம் அமைதியாம் மாமா! வருத்தம் வந்தா வருசக்கணக்கா இரத்தத்திலை நிக்கிற எதிர்ப்புப் பொருள்கூட இல்லையாம். இப்பிடியொரு சுகத்தை டொக்டர் அம்மா கண்டதில்லையாம், டொக்டர்மாற்றை கூட்டத்திலை கதைக்கப் போறாவாம். இனி வரத் தேவையில்லையாம்!"

"அப்ப நான் வேலைக்குப் போறன்," என்றார் மருமகன். வீங்கிய கால் சப்பாத்துக்குள் போகவில்லை.

மகள் என்னைப் பார்த்தாள். "உங்கடை சட்டம் இவற்றை காலுக்கு விளங்கேல்லைப் போலை, அப்பா."

மறுநாள் காலை அண்ணன், தம்பி, நான் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பி தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வைத்தியர் அண்ணனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். கூட்டத்துக்கு எழுதி வைத்திருந்த தாள்களை மெதுவாகக் கிழித்தார். பிறகு குனிந்து மருமகனின் கணுக்காலை அழுத்தினார். விரல் பதிந்த குழி நிரம்ப நேரமெடுத்தது.

"இவருடைய பெயர்?"

பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி முழுப் பெயரையும் நானே சொன்னேன். பெர்மெஸ்ஸோ பற்றி அவர் கேட்கவில்லை. நான் ஆயத்தம் செய்திருந்த மூன்று பதில்களும் வீண்.

மருமகனை அங்கேயே வைத்துப் பார்த்தார்கள்; இரண்டு கிழமையில் அணுக்கள் அடங்கின, சிறுநீரகம் தேறியது. கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய தாளில் மருமகனின் சொந்தப் பெயர் இருந்தது. இந்த நாட்டில் முத்திரை குத்திய தாளொன்றில் அது வந்தது அதுதான் முதல் தடவை. வீடு திரும்புமுன் இரண்டு பிரதி எடுத்து வைத்தேன்.