ஊதுகிறவர்கள் இருவர்

கிளாரினெட்டுக்கும் ஓபோவுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் புதிய டீன் கேட்டபோது, அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நினைத்து நான் விளக்க ஆரம்பித்தேன். கிளாரினெட்டில் வாயில் வைக்கும் சீவாளி ஒற்றை, ஓபோவில் இரட்டை. அதனால் மூச்சை விடும் முறையே வேறு, உதட்டை வைக்கும் விதமே வேறு என்று போய்க்கொண்டிருந்தேன். பாதியில் அவர் கையை உயர்த்தினார்.

"இரண்டும் கறுப்பு, இரண்டும் ஊதுவது. அப்படித்தானே?" என்றார் மலாயில்.

அப்படித்தான் என்றேன். மேலதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டால் வேறு என்ன சொல்வது? எங்கள் இசைத் துறையில் துளைக்கருவிகளுக்கு இரண்டு பேர் தேவையா என்ற கேள்வி ஏற்கெனவே மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான், கிளாரினெட். இன்னொருவர் ஓபோ வாசிப்பவர், என்னைவிட மூத்தவர், தைப்பிங்கில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைப் பிள்ளை என்பார், நான் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தபோதும். அவருடைய தாத்தா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கப்பிள்ளையாக இருந்து, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பெயர் கூப்பிட்டவர். என் தாத்தா சிலிம் ரிவர் பக்கத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், பெயர் கூப்பிட்டால் பதில் சொன்னவர். பேரனும் பேத்தியுமான நாங்கள் ஈப்போவுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில், தினமும் காலையில் ஒரே இயந்திரத்தில் வரிசையாக விரலை வைத்து வருகையைப் பதிந்துகொண்டிருந்தோம். முன்னேற்றம் என்பது இதுதான் போலிருக்கிறது.

நான் கிளாரினெட்டுக்கு வந்ததில் பெரிய கதை எதுவும் இல்லை. இடைநிலைப் பள்ளியில் பேண்ட் குழுவுக்கு ஆள் எடுத்த நாளில் எனக்குக் காய்ச்சல். மறுநாள் போனபோது டிரம்பெட், டிரம் எல்லாம் போய்விட்டிருந்தன. யாரும் தொடாத கிளாரினெட் ஒன்று பெட்டியில் கிடந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஊதியபோது பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து ஆட்டுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஆடே கிடையாது. பிறகு உபகாரச் சம்பளம், கோலாலம்பூர், ஆசிரியர் வேலை என்று அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டே இங்கே வந்து சேர்ந்தேன். என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் அம்மா, "எம்மவ யூனிவர்சிட்டில காத்தப் பத்திப் பாடம் எடுக்குறா" என்பார். கேட்டவர்கள் அதை வானிலை என்று எடுத்துக்கொண்டு, மழை எப்போது விடும் என்று என்னிடம் விசாரிப்பார்கள்.

அண்ணன் வந்த வழி வேறு. வீட்டில் அவரை வைத்தியராக்க லண்டனுக்கு அனுப்பினார்கள். அவர் இரண்டாம் வருடமே இசைக் கல்லூரிக்கு மாறி ஓபோவோடு திரும்பினார். அவர் அப்பா கடைசிவரை அதை ஒரு நோய் என்றே சொல்லிவந்தாராம். பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்றில் பல வருடம் வாசித்தார். ஆர்கெஸ்ட்ரா முழுவதும் ஓபோவின் ஒரு ஸ்வரத்தைக் கேட்டுத்தான் சுருதி சேர்க்கும். அதனால் தன்னை மற்றவர்கள் பின்பற்றுவதே இயற்கை என்ற நினைப்பு அவருக்கு உண்டு. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாதபோது எங்கள் துறைக்கு வந்தார். அறையில் எப்போதும் கத்தியும் நாணல் துண்டுமாக உட்கார்ந்து சீவாளி சீவிக்கொண்டிருப்பார். துப்புரவு செய்யும் அம்மாள் அவரைத் தச்சு வாத்தியார் என்றே நினைத்திருந்தார்.

ஒரு வருடம், விரிவுரையாளர்கள் எல்லாரும் முனைவர் பட்டம் வாங்கியாக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

"வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு என்னத்துக்குப் பட்டம், பிள்ளை?" என்றார் அண்ணன்.

"வேலைக்கு வேணும்ல அண்ணே."

"வேலையே வாசிக்கிறதுதானே?"

நான் பட்டத்துக்குச் சேர்ந்தேன், அவர் சேரவில்லை. ஈரப்பதம் மிகுந்த நாடுகளில் கிளாரினெட் மாணவர்களின் உதட்டழுத்தம் என்பது என் ஆய்வு. மாணவர்களின் உதட்டில் ஒரு கருவியைப் பொருத்தி அளப்பேன். அளந்ததைக் கணினியில் ஏற்றுவேன். ஏற்றியதைப் பற்றி எழுதுவேன். எழுதியதை மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புவார். வாசிப்பதற்கு மட்டும் நேரம் இருக்காது. என் கிளாரினெட் அலமாரிக்கு மேலே போனது. அதன்மீது ஆய்வுக் கட்டுகள் ஏறின.

பட்டம் உறுதியான அன்று அண்ணன் என் வீட்டுக்கு வந்தார், கடையில் கோய்த்தியாவ் நூடுல்ஸைத் தாப்பாவ் செய்து, பொட்டலமாகக் கட்டிக்கொண்டு. பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன், கொண்டாட்டமாக ஏதாவது வாசி என்றார். பெட்டியை இறக்கித் துடைத்து ஒரு நீண்ட ஸ்வரத்தை ஊதினேன். பாதிகூடப் போகவில்லை, உதடு நடுங்கி ஓரத்தில் காற்று சீறியது. மறுபடி ஊதினேன், மறுபடியும் அதே சீறல். உதட்டழுத்தத்தைப் பற்றி இந்த நாட்டில் என்னைவிட அதிகம் எழுதியவர் அப்போது யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

அண்ணன் கோய்த்தியாவைத் தட்டில் போட்டார். "பட்டம் கிடைச்சிட்டுது. வாய் போயிட்டுது. பரவாயில்லை, சாப்பிட அந்த வாய் போதும்" என்றார்.

அடுத்த வருடம்தான் அந்த டீன் வந்தார். இரண்டு கறுப்புக் குழாய்களுக்கு ஒரே ஒரு பதவி என்று முடிவானது. நேர்முகத்துக்கு எங்கள் இருவரையும் ஒரே காலையில் கூப்பிட்டார்கள். நான் ஆய்வுக் கட்டுரைகளை ஒரு பையில் கொண்டுபோனேன், அண்ணன் ஓபோவைக் கொண்டுபோனார். முடிந்ததும் ஈப்போ பழைய டவுனில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அவர் காப்பியைத் தொடவேயில்லை.

"நீர் வாசிக்கிறதுக்கு ஆதாரம் இருக்கா எண்டு கேட்டாங்கள்" என்றார். "நான் பெட்டியைத் திறந்து வாத்தியத்தைத் துண்டு துண்டாச் சேர்த்துப் பூட்டினன். வேண்டாம், பக்கத்து அறையில பரீட்சை நடக்குது, சத்தம் போடக்கூடாது எண்டாங்கள்."

"அப்பறம்?"

"வாத்தியத்தைக் கையில வச்சுக்கொண்டு நிக்கிறன், பிள்ளை. இதைவிட என்ன ஆதாரம் குடுக்கிறது? வீடியோ இருந்தா அனுப்பி வையுங்கோ எண்டாங்கள். சத்தத்தைக் குறைச்சு வச்சுப் பாப்பாங்களாம்."

என்னிடம் யாரும் வாசிக்கத் தெரியுமா என்று கேட்கவேயில்லை. அதை நான் அவரிடம் சொன்னேன். முதலில் முறைத்தார், பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். பதவி எனக்குக் கிடைத்தது. கடிதம் வந்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அவரை நினைத்தது அதற்குப் பிறகுதான். அறையைக் காலி செய்ய நானும் போய் உதவினேன். நாணல் துண்டுகளை ஒரு பால்மாவு டின்னில் அடைத்துக் காரில் வைத்துவிட்டுத் தைப்பிங்குக்குப் போனார்.

மறு வாரமே அவருடைய மாணவர்கள் இருவரும் என் பொறுப்புக்கு வந்தார்கள். ஒருத்தி ஈப்போவைச் சேர்ந்த சீனப் பெண், எப்போதும் முகத்தைச் சுளித்தபடி கச்சிதமாக வாசிப்பவள். மற்றவன் தெலுக் இந்தானிலிருந்து வந்த மலாய்க்காரப் பையன், சுருதி பிசகினாலும் சிரித்துக்கொண்டே வாசிப்பவன். ஓபோவை எப்படியாவது பழகிவிடலாம் என்று துறையின் பழைய வாத்தியம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஓபோவில் காற்று போகும் வழி மிகச் சிறியது. ஊதியதில் பாதி தலைக்குள்ளேயே நின்றுவிடும். தலை சுற்றிச் சோபாவில் உட்கார்ந்தேன். வாத்து மிதிபட்டது போன்ற அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது.

அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, சனிக்கெழம பிள்ளைங்கள கூட்டிட்டு வாரேன். இருப்பீங்களா?"

"எங்க போகப்போறன்? மழைதான் பெய்யுது" என்றார்.

அப்படியே நடந்தது. சனிக்கிழமைகளில் என் காரில் இருவரையும் ஏற்றிக்கொண்டு தைப்பிங்குக்குப் போவோம். அவர் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில், தகரத்தில் மழை கொட்டக் கொட்ட, மூன்று ஓபோக்கள் சேர்ந்து வாசிக்கும். மழையில் கேட்காது என்று பையன் மலாயில் சொன்னால், மழைக்குக் கேட்கும் என்று அவரும் மலாயிலேயே சொல்வார். நான் முதலில் உள்ளே உட்கார்ந்து அவர் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை என் கிளாரினெட்டையும் எடுத்துப் போனேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். சில மாதங்களில் நீண்ட ஸ்வரம் உடையாமல் நின்றது. இந்தப் பயணங்களைத் துறைத் தலைவரிடம் களப்பணி என்று சொல்லியிருந்தேன். களம் நனைந்திருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை, மற்றபடி அதில் பொய் ஏதுமில்லை.

இறுதித் தேர்வு வந்தது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வரவேண்டும் என்பது விதி. நாடு முழுக்க ஓபோ தெரிந்தவர்கள் கையளவு. ஒருநாள் டீன் என்னைக் கூப்பிட்டு, தொழில்துறை நிபுணர் என்ற பிரிவில் ஒரு பிரமாதமான ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், அந்தப் பிரிவுக்கு முனைவர் பட்டம் தேவையில்லை என்றும் மகிழ்ச்சியோடு சொன்னார். தைப்பிங்காரராம். எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்புண்டா?

தெரியும் என்றேன். இங்கேதான் வேலை பார்த்தார் என்றும் சொன்னேன்.

"அப்படியா? ரொம்ப நல்லதாகப் போயிற்று. வழி தெரிந்திருக்கும்" என்றார் டீன்.

வேலை பார்த்த வருடங்களில் ஒருநாளும் கிடைக்காத கார் நிறுத்துமிடம் அன்று அண்ணனுக்காகக் கூம்பு வைத்துக் காத்திருந்தது. டை கட்டிக்கொண்டு வந்தார். அறைக்குள் போவதற்கு முன் டீனிடம் நேராகவே சொன்னார்: இந்த இருவரும் என்னிடம் படித்தவர்கள், இப்போதும் சனிக்கிழமைகளில் என்னிடம்தான் படிக்கிறார்கள், என்னைத் தேர்வாளராக வைப்பது முறையா என்று யோசியுங்கள். டீன் அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். "உங்கள் பணிவு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் பங்களிப்பை நாங்கள் மறக்கவில்லை" என்றார்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லிட்டன், பிள்ளை. நீதான் சாட்சி."

அந்தப் பெண் முகத்தைச் சுளித்தபடி பிசகில்லாமல் வாசித்தாள். பையன் நடுவில் ஓரிடத்தில் தடுக்கி, சிரித்து, சமாளித்துக்கொண்டான். அண்ணன் அவன் மதிப்பெண்ணைக் குறைத்தார். குறைத்த பிறகும் அது தாராளம்தான் என்று எனக்குப் பட்டது. அவர் அறிக்கையில், ஓபோ கற்பித்தல் உயர்ந்த தரத்தில் இருக்கிறது, ஓபோவுக்கென்று ஆசிரியர் இல்லாதது குறை என்று இரண்டையும் எழுதினார். அடுத்த கூட்டத்தில் முதல் பாதி மட்டும் வாசிக்கப்பட்டது. எனக்குப் பாராட்டுத் தெரிவித்துக் கைதட்டினார்கள். கை தட்டாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். தன்னடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த அறிக்கையின் பலனாக அண்ணனுக்கு வருகைதரு பேராசிரியர் என்ற பட்டம் கிடைத்தது. மாதத்தில் சில நாள் வருகிறார். மூத்த விரிவுரையாளரான நான் கூட்டங்களில் அவரைப் பேராசிரியர் என்று அழைத்தாக வேண்டும். முதல்முறை அழைத்தபோது அவர் காது சிவந்தது. இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் தாமதித்தார், இன்னொரு தடவை கேட்கலாமென்று.

சீனப் பெண் வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போய்விட்டாள். பையனுக்கு ஒரு சீருடைப் படையின் பேண்டில் வேலை கிடைத்தது. போன மாதம் ஈப்போ திடலில் அணிவகுப்பு, கட்டாயம் வரவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் செய்தி அனுப்பினான். வெயிலில் குடையோடு போய் நின்றோம். அணிவகுத்து நடக்கும் பேண்டில் ஓபோவுக்கு இடமில்லை என்பது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் முதல் வரிசையில் அவனைத் தேடினோம்.

அவன் கடைசி வரிசையில் வந்தான். இரண்டு கையிலும் தாம்பாளம் போன்ற பித்தளைத் தட்டுகள். வெள்ளைக் கையுறை, நெற்றியில் வியர்வை, அதே சிரிப்பு. எங்களைக் கடக்கும்போது கண்ணைத் திருப்பாமல் தட்டுகளை உயர்த்தி ஓங்கி அறைந்தான். பக்கத்தில் நின்ற குழந்தை வீரிட்டது.

அண்ணன் குடைக்குள்ளிருந்து தலையை நீட்டி, பேண்ட் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாளம் பிசகேல்ல. கவனிச்சியா?" என்றார்.

"கவனிச்சேன் அண்ணே."

"ஓபோவில இவ்வளவு தெளிவா ஒருநாளும் வாசிக்கேல்ல, அவன்" என்றார், பெருமையாகத்தான். அணிவகுப்பு முடிந்து அவன் வியர்வையோடு ஓடிவந்ததும் மூவரும் வெயிலுக்கு ஒதுங்கி, குளிர்ச்சியாக ஏதாவது குடிக்கப் போனோம்.